பிழைக்கெண்டு ஒரு சிவப்பு மணி

தோல் தைக்கிறவையின்ரை விரல் நுனி கொஞ்ச வருஷத்திலை மரத்துப் போயிடும்; ஊசி ஏறினாலும் ரத்தத்தைக் கண்ட பிறகுதான் குத்தினது தெரியும். தையலோ தச்சோ சமையலோ, கையாலை உழைச்சு வாடிக்கைக்காரரிட்டைப் பேச்சும் வாங்குற ஆக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அதாலைதான் உங்களுக்கு இதெல்லாம் சொல்லுறன். மற்றாக்களுக்குச் சொன்னால், "உவளுக்கு விசர்" எண்டு ஒரே சொல்லிலை முடிச்சிடுவினம்.

நான் முந்தி நோர்வேயின்ரை வடக்கு நுனியிலை, பாட்ஸ்பியோர்ட்டிலை, மீன் வெட்டிக்கொண்டு இருந்தனான். குளிருக்கும் மீன் நாத்தத்துக்கும் கும்பிடு போட்டுட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடை இங்கெர் எண்ட நோர்வேக்காரியின்ரை பட்டறையிலை வேலை கிடைச்சது. குரோன்லான்ட் ஸ்டேசனுக்குக் கிட்ட, ஒரு பின்வளவிலை, நாலு படி கீழை இறங்க வேணும். இங்கெர் இளம் வயசிலை கனடாவிலை ஒரு பூர்வகுடிக் குடும்பத்தோடை கன காலம் இருந்தவ. அவையிட்டைத்தான் மான் தோலிலை பாசிமணி வைச்சுத் தைக்கப் பழகினவ. தோள்பை, இடுப்புப்பை, கத்தி உறை எண்டு அந்தப் பாணியிலைதான் செய்வம். ஆனால் அவையின்ரை பேரைப் போட்டு விக்கமாட்டா. "படிச்சது அவையிட்டை, செய்தது ஒஸ்லோவிலை" எண்டு வாசலிலை எழுதித் தொங்க விட்டிருந்தா.

மீன் வெட்டின கை எண்டபடியால் என்னை எடுத்தவ. "கத்திக்குப் பயப்பிடாத ஆள் வேணும்" எண்டவ. கத்திக்கு நான் பயப்பிடேல்லைத்தான். மணிக்குப் பயப்பிட வேண்டி வருமெண்டு ஆர் கண்டது?

மாமிக்குச் சொல்லக் கூடாத வேலை

எங்கடை சனத்துக்குத் தோல் வேலை எண்டால் உடனை முகம் ஒரு பக்கம் கோணும். ஏன் எண்டு உங்களுக்குத் தெரியும், நான் விரிச்சுச் சொல்லத் தேவையில்லை. அம்மாவே முதல் மாசம் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பிறகு சமாதானமாகி ஒரு சட்டம் போட்டா. வேலையாலை வந்தவுடனை முழுகிப் போட்டுத்தான் ஹோலுக்குள்ளை கால் வைக்கலாம். சாமிப் படத்துக்காக இல்லை, அண்ணான்ரை படத்துக்காக.

அண்ணா காணாமல் போனவர். ஊரிலை ஒரு பின்னேரம், சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு வாறன் எண்டு போனவர். சைக்கிளும் வரேல்லை, ஆளும் வரேல்லை. ஒஸ்லோவிலை வெஸ்ட்லி எண்ட இடத்திலை, எங்கடை மாடி வீட்டுச் சுவரிலை, அவரின்ரை படம் மாலை இல்லாமல் கிடந்தது. எங்கடை வீடுகளிலை மாலை போட்ட படமெண்டால் செத்த ஆள், மாலை இல்லாத படமெண்டால் இருக்கிற ஆள். ஆர் வந்து என்ன புத்தி சொன்னாலும் அம்மா மாலை போட விடமாட்டா. "என்ரை கண்ணாலை காணாமல் போடமாட்டன்" எண்டுவா.

ஒருநாள் கோயில் மண்டபத்திலை எங்கடை மாமி ஒருத்தி என்ரை புதுத் தோள்பையைத் தடவித் தடவிப் பார்த்தா. ஆசைதான். ஆர் செய்தது எண்டு கேட்டா, நான்தான் எண்டன். கையை நெருப்புச் சுட்டமாதிரி எடுத்துப் போட்டு, காதுக்குள்ளை வந்து சொன்னா: "எடி பிள்ளை, உந்தக் கதையை வெளியிலை விடாதை. ஆராவது கேட்டால் ஒஃபீசிலை வேலை எண்டு சொல்லு. பை வடிவாத்தான் கிடக்கு, எனக்கும் ஒண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் செய்து தா."

சிவப்பு மணி

வேலைக்குச் சேர்ந்த கையோடை நான் தைச்ச நீல மணிப் பட்டி ஒண்டைக் கொண்டுபோய்க் காட்டினன். கடுகளவு மணியள், வரிசை வரிசையா, ஒரு வளைவு நெளிவு இல்லை. இங்கெர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. பிறகு சாவணக் குறட்டாலை ஒரு நீல மணியை நொறுக்கி எடுத்துப் போட்டு, அந்த இடத்திலை ஒரு சிவப்பு மணியை வைச்சுத் தைச்சா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. பேந்துதான் விளங்கப்படுத்தினா. உயிரோடை இருக்கிற ஆளுக்குச் செய்யிற எந்த வேலையிலும் வேணுமெண்டு ஒரு பிழை மணி வைக்க வேணும். பிழை இல்லாத மனிசர் இல்லை. செத்த ஆளின்ரை நினைவுக்குச் செய்யிறதெண்டால் மட்டும் எல்லா மணியும் சரியா இருக்கும். அவையின்ரை கணக்கு முடிஞ்சுது, இனிப் பிழை விட ஏலாதாம்.

பிழை மணி கனடாவிலை படிச்சது எண்டா. செத்த ஆளுக்கு வைக்கிறதில்லை எண்டது அந்தக் குடும்பத்தின்ரை வழக்கமோ, இங்கெர் தானாக் கட்டினதோ, நான் கேக்கேல்லை. எனக்கு அது புதுசாவும் தெரியேல்லை. பிள்ளைக்குக் கன்னத்திலை நாவூறுப் பொட்டு வைக்கிறம், செத்த ஆளுக்கு ஆர் பொட்டு வைக்கினம்? அண்ணான்ரை படமும் அப்பிடித்தானே, ஒரு குறையோடை நிக்குது எண்டு நினைச்சன். அண்டைக்கே எனக்கு அந்தச் சட்டம் பிடிச்சுப் போச்சு.

வாடிக்கைக்காரர் எல்லாருக்கும் இதைச் சொல்லித்தான் குடுப்பம். இல்லாட்டில் பிழை எண்டு திருப்பிக்கொண்டு வருவினம். இளைப்பாறின பஸ் ட்ரைவர் ஒருத்தர் தன்ரை கத்தி உறையிலை சிவப்பு மணியைக் கண்டு வாய் திறக்க முன்னமே நான் கதையைச் சொல்லி முடிச்சன். அந்த மனிசன் உறையைச் சட்டைக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு சொல்லிச்சு: "தயவுசெய்து என்ரை மனிசிக்கு இந்தக் கதையைச் சொல்லிப் போடாதேங்கோ, என்ரை பிழையளுக்கு ஒரு மணி காணாது எண்டு சண்டைக்கு வருவா."

தங்க மாட்டன் எண்ட கத்தி

கத்தி உறை செய்யிறது இப்பிடித்தான். தோலைத் தண்ணியிலை ஊறப் போட்டு, கத்தியை மெல்லிய பிளாஸ்டிக்காலை சுத்தி, அதைச் சுத்தித் தோலை இழுத்து முதுகிலை தைக்க வேணும். தோல் காயக் காயச் சுருங்கி, கத்தியை அப்பிடியே கட்டிப் பிடிக்கும். பிறகு அந்த உறை அந்தக் கத்திக்கு மட்டும்தான்.

ஒரு மனிசி பழைய கத்தி ஒண்டு கொண்டு வந்தவ, செத்துப்போன மாமனாரின்ரை. பிடி கறுத்துப் போய், வாய் தேஞ்சு, பார்க்கவே ஒரு மாதிரி. ஈரத் தோலிலை வைச்சுத் தைச்சிட்டு வீட்டை போனன். காலமை வந்து பார்த்தால் கத்தி மேசையிலை, உறை பக்கத்திலை வாய் மூடிக் காஞ்சு கிடக்குது. தோல் சுருங்கேக்கை தள்ளிப்போட்டுது எண்டு நினைச்சன். நடக்கிறதுதான். திரும்பப் புதுத் தோலிலை தைச்சு, நூல் கயித்தாலை பிடியோடை சேர்த்து இறுக்கிக் கட்டிப் போட்டுப் போனன். மற்ற நாள் காலமை கட்டு கட்டின படியே உறையிலை இருக்குது, முடிச்சும் நான் போட்ட முடிச்சுத்தான். கத்தி மட்டும் வெளியிலை, கூர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு. "முருகா" எண்டு வாய் விட்டுக் கத்திப் போட்டன்.

இங்கெர் அலட்டிக்கொள்ளேல்லை. மனிசியைக் கூப்பிட்டு, அந்தாள் போட்ட ஏதாவது தோல் சாமான் மிச்சம் இருக்கோ எண்டு கேட்டா. மனிசி ஒரு பழைய சப்பாத்துக் கொண்டு வந்து தந்தவ, முழங்கால் வரை வாற பெரிய சப்பாத்து. அதின்ரை தோலை வெட்டித்தான் உறை தைச்சன். கத்தி உள்ளுக்குப் போனது போனதுதான், அசையேல்லை. மனிசிக்கு இதிலை ஒரு அதிசயமும் இல்லை. உறையை வாங்கிக் கைப்பைக்குள்ளை வைச்சுக்கொண்டு சொன்னா: "உயிரோடை இருக்கேக்கையும் அப்பிடித்தான், ஆற்றை வீட்டிலையும் தங்கவும் மாட்டார், சப்பாத்தைக் கழட்டவும் மாட்டார்."

கவிதா திருத்தின பை

பிறகு கவிதா வேலைக்கு வந்தா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, புருசனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலை சும்மா இருக்கப் பிடிக்காமல் கிழமைக்கு ரெண்டு மூண்டு நாள் வாறவ. நான் "ஓம்" எண்டால் அவவுக்குச் சிரிப்பு வரும், அவ "சூப்பர்க்கா" எண்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் கை எண்டால் கை. என்னைவிடத் துப்புரவு. ஊசியைக் கூட உயர வரிசையிலை குத்தி வைப்பா. ஒரு நூல் தும்பு நிக்க விடமாட்டா.

ஹால்வர் எண்ட வேட்டைக்காரர் ஒருத்தர் முந்தி எங்களிட்டை வாங்கின பையைத் தையல் விட்டுப் போச்சு எண்டு கொண்டு வந்தார். எல்க் மான் வேட்டைக்காலம் தொடங்கப் போகுது, கெதியா வேணுமெண்டார். நான் அண்டைக்குப் பல்லு டொக்டரிட்டைப் போயிட்டன், இங்கெரும் தோல் வாங்கப் போயிட்டா. கவிதா தையலைத் தைச்சுக் குடுத்தனுப்பிட்டா. பின்னேரம் நான் வர, சந்தோசமாச் சொல்லுறா, "அக்கா, அதுல ஒரு பீட் கலர் மாறி இருந்துச்சு. பாவம், யாரோ கவனிக்காம விட்டுட்டாங்க. ப்ளூ வச்சு சரி பண்ணிட்டேன்." சிவப்பு மணியைக் கடைசியா நானோ இங்கெரோ வைக்கிறபடியால், சட்டத்தை நாங்கள் ஒருத்தரும் அவவுக்குச் சொல்லேல்லை. அவ பழைய வேலை தொட்டது அதுதான் முதல் தரம்.

திரும்பி வந்த இங்கெர் இதைக் கேட்டா. உடனை டெலிபோன் எடுத்தா. அவற்றை மனிசிதான் எடுத்தது, ஆள் காட்டுக்குப் போயிட்டார் எண்டா. அடுத்த கிழமை அந்த மனிசி பையோடை பட்டறைக்கு வந்தா. ஹால்வர் ஒரு மரத்தடியிலை, தேத்தண்ணி கப்பைக் கையிலை பிடிச்சபடி, இருந்த இருப்பிலை போயிட்டார். நெஞ்சு வருத்தம் முந்தியே இருந்ததாம். வருத்தக்கார மனிசன், மணியிலை என்ன கிடக்கு எண்டு எனக்கு நானே சொல்லிப் பார்த்தன். ஆனால் எனக்குப் பயமாத்தான் இருந்தது. கவிதா மூலைக்குள்ளை நிண்டு அழுதுகொண்டிருந்தா. அது ஒண்டும் தெரியாத மனிசி எங்கள் மூண்டு பேரின்ரை கையையும் பிடிச்சுச் சொன்னா: "கடைசி நாள் இதைத்தான் தடவிக்கொண்டு இருந்தவர். எவ்வளவு வடிவாத் தைச்சிருக்கினம் பார், ஒரு பிழையும் இல்லை எண்டு சொன்னவர்."

பேரித்தின்ரை வெறும் உறை

பேரித்தை எனக்குப் பாட்ஸ்பியோர்ட்டிலையே தெரியும். மீன் தொழிற்சாலையிலை எனக்கு எதிர்ப்பக்கம் நிண்டு வெட்டினவ, கதை குறைவு. அவவின்ரை புருசன் ஆர்னே சின்னப் படகிலை தனியாக் கடலுக்குப் போறவர். ஒருநாள் படகு மட்டும் மிதந்துகொண்டு வந்தது, ஆள் இல்லை. கத்தியும் அவரோடை போச்சு, உறை மட்டும் வீட்டு ஆணியிலை தொங்கினது. பிறகு பேரித் ஒஸ்லோவிலை மகளோடை வந்து இருந்தா. வருஷத்துக்கு ஒருக்கால் அந்த வெறும் உறையைக் கொண்டு வந்து எண்ணெய் பூசுவிச்சுக்கொண்டு போவா. கத்தி இல்லாத உறை காலப்போக்கிலை வாய் ஒட்டிப் போகும், தோலின்ரை குணம் அது. இது ஒட்டேல்லை. ஒவ்வொரு வருஷமும் நான் விரலை விட்டுப் பார்ப்பன், உள்ளுக்குப் பளபளவெண்டு இருக்கும். நேற்றுத்தான் கத்தியை உருவின மாதிரி.

ஒரு மாரிகாலம் வந்து, "இனிக் காத்திருந்தது காணும், மேலை மணி வைச்சுத் தையுங்கோ, ஆர்னேன்ரை நினைவா வீட்டிலை வைக்கப்போறன்" எண்டா. எங்கடை சட்டம் அவவுக்குத் தெரியும். "எல்லா மணியும் சரியா இருக்கட்டும்" எண்டு தானே வாய்விட்டுச் சொன்னா. கரை வரையும் நீல மணிதான். நான் தைச்சன், இங்கெர் பார்த்தா, கவிதா கண்ணாடி வைச்சுப் பார்த்தா. பிழை பிடிக்கிறதெண்டால் கவிதாவை விட்டால் ஆள் இல்லை எண்டு உங்களுக்கு இப்ப தெரியும். சுத்தி வைச்சுப் பேரித்திட்டைக் குடுத்தம். அவ அங்கையே பிரிச்சுப் பார்த்தா. நடு வரிசையிலை, ரத்தத் துளி மாதிரி, ஒரு சிவப்பு மணி.

நாங்கள் மூண்டு பேரும் ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பார்த்தம். "அம்மாவாணை நான் வைக்கேல்லை" எண்டன். கவிதா "சாமி சத்தியமா நான் இல்ல" எண்டா. இங்கெர் கதிரையிலை இருந்திட்டா. நொறுக்கிப் போட்டு நீல மணி வைச்சுத் தாறன் எண்டு நான் சாவணத்தை எடுக்க, பேரித் என்ரை கையைப் பிடிச்சுத் தடுத்தா. கோவமோ சந்தோசமோ எண்டு பிடிக்கேலாத ஒரு குரலிலை சொன்னா: "வேண்டாம், விடுங்கோ. இவன்ரை கணக்கு இன்னும் முடியேல்லை."

பேரித் திரும்பி வந்தது

அடுத்த கோடை, பட்டறைக் கதவு ஒரு அடியோடை திறந்துது. பேரித். சிவந்த முகம், கையிலை அந்த உறை. ஆர்னே இருக்கிறார்! ஸ்பெயினிலை, கடற்கரைப் பட்டினம் ஒண்டிலை, வேறொரு பெம்பிளையோடை, தாடியும் வைச்சுக்கொண்டு இருக்கிறாராம். ஊர்க்காரர் ஒருத்தர் விடுமுறைக்குப் போன இடத்திலை கண்டு, தோளிலை தட்டியிருக்கிறார். இடுப்பிலை அதே கத்தி, ஆனால் வேறை உறையிலை.

கவிதா வாயைப் பொத்திக்கொண்டா. எனக்கு உள்ளுக்கை ஏதோ குதிச்சுது. பேரித்துக்காக இல்லை, உண்மையைச் சொன்னால் எனக்காக. மணி சொன்னது சரி. அப்ப மணிக்குத் தெரியும். வெஸ்ட்லிச் சுவரிலை மாலை இல்லாமல் சிரிச்சுக்கொண்டு இருக்கிற அண்ணா என்ரை கண்ணுக்கு முன்னாலை வந்து நிண்டார். பேரித் உறையை மேசையிலை விட்டெறிஞ்சு போட்டுச் சொன்னா: "இத்தனை வருஷம் கடலைப் பார்த்து அழுதிருக்கிறன். நாசமாய்ப் போவான், கடலுக்குள்ளையே கிடந்திருந்தால் எவ்வளவு மரியாதையா இருந்திருக்கும்!"

அம்மாவுக்கு ஒரு மாலை

ஊரிலை சண்டை ஓய்ஞ்சு பாதை திறந்திருந்த காலம் அது. எங்கடை சித்தப்பா போய், அறிஞ்ச தெரிஞ்ச இடமெல்லாம் அண்ணாவைப் பற்றி விசாரிச்சுக்கொண்டு வந்தார். ஒண்டும் இல்லை. கண்டன் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை, செத்தது எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. அம்மா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தா. மற்ற நாள் நான் வேலைக்கு வெளிக்கிடேக்கை சொன்னா, "பிள்ளை, அண்ணான்ரை படத்துக்கு ஒரு மாலை கோர்த்துக் கொண்டு வா. பூ இந்தக் குளிருக்கு நிக்காது, பிளாஸ்டிக்கு எனக்குப் பிடிக்காது. வெள்ளை மணியிலை கோர்த்துக் கொண்டு வா. அவன் அலைஞ்சு திரியக் கூடாது." அதே அம்மாதான், தோல் வேலை எண்டு முகம் குடுத்துக் கதைக்காத அம்மா.

ரி-பானே எண்ட சுரங்க ரயிலிலை வெஸ்ட்லியிலிருந்து குரோன்லான்ட் வரை அழுதுகொண்டு வந்தன். அம்மாவுக்கு ஒரு முடிவு வேணும், அது எனக்கு விளங்குது. எனக்கு அண்ணா வேணும். அவ்வளவுதான். வெள்ளை மணி கோர்த்தன். நடுவிலை, படத்துக்குப் பின்பக்கம் போற இடத்திலை, ஒரு சிவப்பு மணி வைச்சன். ஓடாமல் இருக்க இந்தப் பக்கம் ஒரு முடிச்சு, அந்தப் பக்கம் ஒரு முடிச்சு. அம்மாவின்ரை கண்ணிலை வெண்படலம், அவவுக்குத் தெரியவே போறதில்லை. இங்கெர் பார்த்துக்கொண்டுதான் இருந்தா, சிவப்பு மணிப் போத்தலை எனக்குக் கிட்டத் தள்ளி வைச்சா. கவிதா எட்டிப் பார்த்து, "அக்கா, இங்க ஒரு ரெட்..." எண்டு தொடங்கிப் போட்டு, "சரி சரி, நான் எதையும் பாக்கலை" எண்டு முகத்தைத் திருப்பினா. நான் தானே பொதி பண்ணினன். பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு வீட்டை வந்தன், ஒருத்தரும் தொடேல்லை.

முழுகிப் போட்டு ஹோலுக்குப் போனன். அம்மா விளக்கு ஏத்தி வைச்சிருந்தா. மாலையைக் கையிலை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மணியா விரலாலை உருட்டி உருட்டிப் பார்த்தா. முழு மாலையும் அவவின்ரை விரலுக்குள்ளாலை ஓடி முடிஞ்சுது. அதை அண்ணான்ரை படத்துக்குப் போட்டுட்டுக் குசினிக்குப் போனா, பாலைப் பார்க்க. நான் ஓடிப்போய்ப் படத்தைத் திருப்பிப் பார்த்தன். ரெண்டு முடிச்சும் இருக்குது, நான் போட்ட முடிச்சு, எனக்குத் தெரியாதோ? நடுவிலை இருந்தது வெள்ளை மணி. பெட்டியைக் கவிட்டுத் தட்டிப் பார்த்தன், நிலத்திலை முழங்காலிலை நிண்டு தடவினன், என்ரை கோட்டுப் பொக்கற்றை வெளியிலை இழுத்துப் பார்த்தன். சிவப்பு இல்லை. அம்மா பால் கப்போடை வந்து என்னைத் தூக்கி எழுப்பி, என்ரை தலையைத் தடவிச் சொன்னா: "வடிவாக் கோர்த்திருக்கிறாய் பிள்ளை. ஒரு பிழையும் இல்லை."

இப்பவும் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முன்னம் படத்தோடை மூக்கை முட்டிக்கொண்டு நிண்டு அந்தச் சிவப்பு மணியைத் தேடிப் போட்டுத்தான் படி இறங்கிறனான், அம்மா நினைச்சுக்கொண்டிருக்கிறா நான் அண்ணாவைக் கும்பிடுறன் எண்டு.